காத்திருப்பை விற்ற தளங்கள்

ஒரு படம் ஏழு துண்டுகளாகக் கிடக்கும். முதல் துண்டின் லிங்க்கைத் தட்டினால் அறுபது நொடிக் கடிகாரம் பின்னோக்கி ஓடும். பிறகு கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்ச வேண்டும். ஒரு துண்டு இறங்கி முடிந்ததும் அடுத்ததைத் தொட்டால், இன்னும் இத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும் என்று அறிவிப்பு வரும். இரவில் ஆரம்பித்தால் மறுநாள் மதியத்துக்குள் ஆறு துண்டு சேர்ந்திருக்கும். ஏழாவதைத் தொடும்போது, 'இந்தக் கோப்பு நீக்கப்பட்டுவிட்டது' என்று ஒரே ஒரு வரி. ஆறு துண்டை வைத்துக்கொண்டு படத்தை முழுதாக ஒட்ட முடியாது. 2005-க்கும் 2012-க்கும் இடையில் இணையத்தில் புழங்கியவர்களில் பலருக்கு இது நடந்திருக்கும். எனக்கும் நடந்திருக்கிறது, பலமுறை.

ரேபிட்ஷேர், மெகாஅப்லோட், ஹாட்ஃபைல், ஃபைல்சோனிக், மீடியாஃபயர், ஜிப்பிஷேர். எல்லாம் கோப்புகளை ஏற்றி வைக்கவும் இறக்கிக்கொள்ளவும் இருந்த இணையத் தளங்கள். இந்தப் பெயர்களைக் கேட்டிராத ஒரு தலைமுறை இப்போது வளர்ந்துவிட்டது. இவை என்ன, எப்படிச் சம்பாதித்தன, ஏன் பெரும்பாலானவை ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன என்பதை அவர்களுக்காக எழுதுகிறேன். தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தத் தளங்கள் இடத்தை விற்றதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அவை விற்றது, காத்திருப்பிலிருந்து விடுதலை. இதைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை முழுவதும் தானாகப் புரியும்.

கோப்புக் கிடங்கு என்றால் என்ன?

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு பெரிய கோப்பை இன்னொருவருக்கு அனுப்புவது பெரும்பாடு. மின்னஞ்சலில் சில மெகாபைட் இணைத்தாலே திரும்பி வந்துவிடும். ஒரு முழுப் பாடல் தொகுப்பையோ ஒரு மணி நேர வீடியோவையோ அனுப்ப அதில் வழியே இல்லை.

அப்போது இருந்த இன்னொரு வழி, கணினிக்குக் கணினி நேரடியாகப் பரிமாறிக்கொள்வது. 1999-இல் வந்த நாப்ஸ்டர் பாட்டுகளை அப்படித்தான் பரப்பியது. நீதிமன்ற உத்தரவால் 2001-இல் நின்றது. அதே ஆண்டில் பிட்டோரண்ட் வந்தது. இந்த முறையில் நடுவில் கிடங்கு கிடையாது. கோப்பு உங்கள் கணினியில் இருக்கிறது, அங்கிருந்தே எனக்கு வருகிறது. ஆகவே நீங்கள் கணினியை அணைத்துவிட்டால், வேறு யாரிடமும் அது இல்லையென்றால், எனக்கு வருவதும் நின்றுபோகும். தவிர, யார் யாருக்கு எதைத் தருகிறார்கள் என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் தெரியும். பாட்டு நிறுவனங்கள் தனி மனிதர்கள் மீது வழக்குப் போட முடிந்தது இதனால்தான்.

கோப்புக் கிடங்குத் தளம் இந்த இரண்டு சிக்கலையும் ஒரே அடியில் தீர்த்தது. நீங்கள் கோப்பை அந்தத் தளத்தின் சர்வரில் ஏற்றுகிறீர்கள். அது ஒரு லிங்க் தருகிறது. அந்த லிங்க் யாரிடம் இருக்கிறதோ அவர் எந்த நேரத்திலும், உங்கள் கணினி அணைந்திருந்தாலும், இறக்கிக்கொள்ளலாம். இறக்குபவருக்குக் கணக்கு வேண்டாம், தனி மென்பொருள் வேண்டாம். பிரவுசர் ஒன்று போதும்.

ஜெர்மனியில் முளைத்த ரேபிட்ஷேர் 2006-இல் ஸ்விட்சர்லாந்தில் நிறுவனமாகி, சில ஆண்டுகளில் உலகில் அதிகம் பேர் செல்லும் தளங்களில் ஒன்றாயிற்று. ஜெர்மனியில் பிறந்த கிம் டாட்காம், ஹாங்காங்கைத் தளமாகக் கொண்டு 2005-இல் மெகாஅப்லோடைத் தொடங்கினார். இந்த இரண்டும்தான் பெரியவை. மற்றவை பெரும்பாலும் இவற்றின் சாயலிலேயே வந்தவை.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். இந்தக் கிடங்குகளின் முகப்பில் 'என்னென்ன இருக்கிறது' என்ற பட்டியல் இருக்காது. ரேபிட்ஷேருக்குள் போய் ஒரு படத்தின் பெயரைத் தேட முடியாது. லிங்க்குகள் எல்லாம் வேறு யாரோ நடத்தும் வேறு பக்கங்களில் கிடந்தன. பட்டியல் ஒருவரிடம், பொருள் இன்னொருவரிடம். பட்டியல் வைத்திருப்பவர், 'என்னிடம் பொருள் எதுவும் இல்லை' என்பார். கிடங்குக்காரர், 'உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது' என்பார். இந்தப் பிளவே இவற்றுக்குப் பல ஆண்டுகள் கவசமாக இருந்தது. கடைசியில் வழக்குகள் சுற்றிவந்ததும் இதே இடத்தைத்தான்.

பணம் எங்கிருந்து வந்தது?

சர்வருக்கு வாடகை உண்டு. ஒவ்வொரு முறை யாராவது இறக்கும்போதும் போக்குவரத்துச் செலவு உண்டு. இலவசமாக இறக்குபவர் ஒவ்வொருவரும் நிறுவனத்துக்குச் செலவுதான். விளம்பரம் அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும். மீதிக்கு என்ன செய்வது?

இலவச வழியை வேண்டுமென்றே கடினமாக்கினார்கள். வேகத்தைக் குறைத்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு கோப்புதான் என்றார்கள். எண்ணிக்கைக் கடிகாரம் வைத்தார்கள். கணினி நிரல்கள் தானாக இறக்கிவிடாதபடி எழுத்துப் புதிர் வைத்தார்கள். ரேபிட்ஷேர் ஒரு கட்டத்தில் எழுத்துகளின் மீது பூனைப் படங்களை ஒட்டி, பூனை உள்ள எழுத்துகளை மட்டும் தட்டச் சொன்னது. அதைப் பார்த்துத் திணறாதவர் குறைவு. கோப்பின் அளவுக்கும் உச்சவரம்பு: ரேபிட்ஷேரில் நெடுநாள் 100 மெகாபைட். அதனால்தான் 700 மெகாபைட் படம் ஏழு துண்டானது. ரார் என்ற சுருக்கும் முறையில் வெட்டி, பார்ட்1, பார்ட்2 என்று வரிசை எண் போட்டு ஏற்றுவார்கள். எல்லாவற்றையும் இறக்கி ஒரே கோப்புறையில் போட்டு முதல் துண்டைப் பிரித்தால் மற்றவை தாமாக ஒட்டிக்கொள்ளும்.

இந்தத் தொல்லைகள் அனைத்தும் சந்தா கட்டினால் மறைந்துவிடும். கடிகாரம் இல்லை, புதிர் இல்லை, உங்கள் இணைப்பு தாங்கும் முழு வேகம். பிரீமியம் கணக்கு என்றார்கள். மெகாஅப்லோடில் சில டாலருக்கு ஒரு நாள் கணக்கும் வாங்கலாம், ஏறத்தாழ 260 டாலருக்கு ஆயுள் சந்தாவும் வாங்கலாம்.

இந்த வழி எவ்வளவு பலித்தது என்பதற்கு, அமெரிக்க அரசு 2012-இல் மெகாஅப்லோட் மீது போட்ட வழக்கின் குற்றப்பத்திரிகையிலேயே கணக்கு இருக்கிறது. மெகாஅப்லோட் குழுமத்தின் வருமானம் 17.5 கோடி டாலருக்கு மேல் என்று அது சொல்கிறது. அதில் சந்தா மூலம் 15 கோடிக்கு மேல். விளம்பரத்தில் வந்தது 2.5 கோடி மட்டும். மக்கள் பணம் கொடுத்தது அந்தக் கடிகாரத்தை நிறுத்துவதற்கு.

அதே குழுமத்தின் மெகாவீடியோ இதை இன்னும் துல்லியமாகச் செய்தது. அங்கே இறக்காமலே பார்க்கலாம். ஆனால் சந்தா கட்டாதவர் தொடர்ந்து 72 நிமிடம்தான் பார்க்க முடியும். பிறகு திரை நின்றுவிடும். ஏன் 72? திரைப்படங்களில் ஏறக்குறைய எல்லாமே அதைவிட நீளம். படத்தை முழுதாகப் பார்க்க நினைப்பவரைச் சந்தா கட்டத் தூண்டும் எண் அது என்பது அரசுத் தரப்பின் வாதம். எனக்கும் அதைவிடப் பொருத்தமான விளக்கம் தோன்றவில்லை. வீட்டு விசேஷ வீடியோவைப் பகிர்வதற்கென்று கட்டிய தளமாக இருந்தால் இப்படி ஒரு எல்லை தேவைப்பட்டிருக்காது.

ஏற்றுபவருக்குக் கூலி

கிடங்கு நிரம்பினால்தானே ஆட்கள் வருவார்கள்? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நீங்கள் ஏற்றிய கோப்பை எத்தனை பேர் இறக்குகிறார்களோ அதற்கேற்பப் புள்ளிகள் தந்தார்கள். புள்ளிகள் சேர்ந்தால் இலவசச் சந்தா. இன்னும் சேர்ந்தால் சில தளங்களில் ரொக்கம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசியுங்கள். என் கல்லூரி நண்பர்கள் சேர்ந்து எடுத்த ஒரு வீடியோவை ஏற்றினால் பத்துப் பேர் இறக்குவார்கள். நேற்று வெளியான படத்தை ஏற்றினால் பல்லாயிரம் பேர் இறக்குவார்கள். கூலி எந்தப் பக்கம் போகும், எதை ஏற்ற ஆள் வரும்? தளம் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியதில்லை, பரிசுத் திட்டமே சொல்லிவிடும். ஒரே படத்தைப் பத்துத் தளங்களில் ஏற்றி, பத்து லிங்க்கையும் பரப்புவதைத் தொழிலாகவே செய்தவர்கள் இருந்தார்கள்.

ரேபிட்ஷேர் இந்த ஆபத்தை முன்பே உணர்ந்து 2010-இல் பரிசுத் திட்டத்தை நிறுத்தியது. ஏற்றுபவர்கள் அதைவிட்டு மற்ற தளங்களுக்குப் போனார்கள். ஃபைல்சோனிக்கும் ஃபைல்சர்வும் கிடுகிடுவென வளர்ந்தது அந்த இடைவெளியில்தான்.

இன்னொரு விதியும் இருந்தது. அதிகம் பேசப்படாத அந்த விதிதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது. மெகாஅப்லோடில் கணக்கு இல்லாமல் ஏற்றிய கோப்பை 21 நாள் யாரும் இறக்காவிட்டால் அழித்துவிடுவார்கள். இலவசக் கணக்கு வைத்திருந்தால் 90 நாள். கிடங்கு என்றால் யாரும் தொடாத பொருளையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நாம் எதையாவது எங்காவது ஒப்படைப்பதே, அடிக்கடி தேவைப்படாது என்பதால்தான். இங்கே அடிக்கடி தேவைப்படாததுதான் முதலில் அழிந்தது. சேமிப்பதற்கென்று கட்டிய அமைப்பு இப்படி நடந்துகொள்ளாது. பரப்புவதற்கென்று கட்டிய அமைப்பு இப்படித்தான் நடந்துகொள்ளும்.

எண்களும் அதையே காட்டுகின்றன. தங்களுக்கு 18 கோடிப் பயனர்கள் என்று மெகாஅப்லோட் சொல்லிக்கொண்டது. கைப்பற்றிய தரவுத்தளத்தில் இருந்தது 6.66 கோடிக் கணக்குகள் என்கிறது குற்றப்பத்திரிகை. அவர்களில் வாழ்நாளில் ஒரு கோப்பாவது ஏற்றியவர்கள் 58.6 லட்சம் பேர். பத்தில் ஒருவர்கூட இல்லை. மற்ற எல்லோரும் எடுத்துப்போக மட்டுமே வந்தவர்கள்.

தெரிந்திருந்ததா, தெரியாதா?

இவ்வளவு வெளிப்படையாக நடந்தும் இத்தனை ஆண்டுகள் எப்படி ஓடியது? இதற்குக் கொஞ்சம் சட்டம் தெரிய வேண்டும்.

1998-இல் அமெரிக்கா டி.எம்.சி.ஏ. என்ற பதிப்புரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மற்றவர்கள் ஏற்றுவதை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது ஒரு பாதுகாப்பு தந்தது. ஒருவர் உங்கள் சர்வரில் திருட்டுப் பிரதியை ஏற்றினால் அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் நிபந்தனைகள் உண்டு. குறிப்பிட்ட கோப்பு திருட்டு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. உரிமையாளர் அறிவிப்பு அனுப்பினால் உடனே அகற்ற வேண்டும். திரும்பத் திரும்பத் தவறு செய்பவரின் கணக்கை மூட வேண்டும். உங்களால் கட்டுப்படுத்த முடிந்த திருட்டிலிருந்து நேரடியாக லாபம் அடையக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியமும் 2000-இல் ஏறக்குறைய இதே திசையில் ஒரு விதி செய்தது.

இந்தப் பாதுகாப்பு அவசியமானது. அது இல்லாமல் யூடியூப் இல்லை, மின்னஞ்சல் சேவைகள் இல்லை, எந்தத் திறந்த இணையச் சேவையும் இல்லை. ஏற்றும் ஒவ்வொன்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்றால் யாரும் எதையும் ஏற்ற விடமாட்டார்கள். ஆகவே சட்டமே தவறு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கிடங்குகள் அந்தச் சட்டத்தின் நிழலில் எப்படி நடந்துகொண்டன என்பதே கேள்வி.

அதைப் புரிந்துகொள்ள ஹேஷ் என்ற ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு கோப்பையும் ஒரு கணக்கீட்டுக்குள் போட்டால் அதற்கே உரிய ஒரு நீண்ட எண் கிடைக்கும். கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரே ஒரு எழுத்து மாறினாலும் ரேகை முற்றிலும் வேறாகிவிடும். மாறாவிட்டால் கோப்பின் பெயர் என்னவாக இருந்தாலும் ரேகை அதேதான். இப்போது நூறு பேர் ஒரே படத்தை ஏற்றுகிறார்கள். நூறு பிரதி வைப்பது வீண். முதல் ஆள் ஏற்றியதும் ரேகையைக் குறித்துக்கொண்டு, அடுத்த 99 பேருக்கும் புதுப் புது லிங்க் மட்டும் தரலாம். கிடங்கில் பொருள் ஒன்று, அதற்கு வாசல் நூறு.

உரிமையாளர் ஒரு லிங்க்கைச் சுட்டிக்காட்டி அகற்றச் சொல்கிறார். மெகாஅப்லோட் அந்த ஒரு வாசலை அடைத்தது. பொருள் உள்ளேயே இருந்தது, மற்ற 99 வாசலும் திறந்தே இருந்தன. அரசுத் தரப்பின் முக்கியக் குற்றச்சாட்டு இதுதான்.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு வாதம் உண்டு. அது காற்றில் சொன்ன வாதம் இல்லை என்பதால் இங்கே பதிவு செய்கிறேன். ஒரே பாட்டுக் கோப்பை ஒருவர் காசு கொடுத்து வாங்கித் தன் சேமிப்புக்காக வைத்திருக்கலாம். இன்னொருவர் ஊருக்கெல்லாம் பரப்பலாம். இரண்டாமவருக்காகப் பொருளையே அழித்தால் முதலாமவரின் நியாயமான பிரதியும் போய்விடும். ரேகை ஒன்றாக இருப்பதால் குற்றமும் ஒன்றாகிவிடாது. மேகச் (கிளவுட்) சேமிப்புச் சேவைகளுக்கு இன்றைக்கும் இது நேரடியான பிரச்சினை.

ஆனால் மெகாஅப்லோட் விஷயத்தில் அந்த வாதத்தை அவர்களின் சொந்த உரையாடல்களே பலவீனமாக்கின. மூத்த நிர்வாகிகள் இருவர் ஸ்கைப்பில் பேசிக்கொண்டது குற்றப்பத்திரிகையில் இருக்கிறது. நாம் நவீன கடற்கொள்ளையர்கள் என்கிறார் ஒருவர். நாம் கொள்ளையர்கள் இல்லை, கொள்ளையர்களுக்குச் சரக்குப் போக்குவரத்து செய்து கொடுக்கிறோம் என்கிறார் மற்றவர். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவர்கள் பேசும் பேச்சு இது இல்லை.

2012 ஜனவரி

2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா தன் பக்கங்களைக் கறுப்பாக்கியது. சோபா, பிபா என்ற இரண்டு அமெரிக்க மசோதாக்களுக்கு எதிரான போராட்டம் அது. வெளிநாட்டுத் தளங்களை எளிதாக முடக்க அதிகாரம் கேட்ட மசோதாக்கள். எதிர்ப்பின் வேகத்தில் இரண்டும் கிடப்புக்குப் போயின.

மறுநாள், ஜனவரி 19, அமெரிக்க நீதித்துறை மெகாஅப்லோடை முடக்கியது. நியூசிலாந்தில் அப்போது 20-ஆம் தேதி காலை. ஆக்லாந்தை அடுத்த கோட்ஸ்வில்லில் கிம் டாட்காம் குடியிருந்த மாளிகையில் ஹெலிகாப்டரில் வந்து இறங்கிய போலீஸ் அவரையும் இன்னும் மூவரையும் கைது செய்தது. உரிமையாளர்களுக்கு 50 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்பது குற்றச்சாட்டு. ஒரு காலத்தில் இணையத்தின் மொத்தப் போக்குவரத்தில் 4 சதவீதம் இந்த ஒரு தளத்துடையது என்றும், அன்றாடம் 5 கோடி வருகைகள் என்றும் அதே ஆவணம் சொல்கிறது. அப்படிப்பட்ட தளத்தின் முகவரியைத் தட்டினால் எப்.பி.ஐ. முத்திரை மட்டும் வந்தது.

புதிய சட்டம் எதுவும் இல்லாமல், கையில் இருந்த சட்டத்தை வைத்தே ஒரு வெளிநாட்டுத் தளத்தை ஒரே நாளில் அணைக்க முடியும் என்று மற்றவர்கள் அன்று கண்டார்கள். அடுத்த சில நாட்களில் நடந்தவை அந்த அதிர்ச்சியின் அளவைச் சொல்லும். ஃபைல்சோனிக் பகிர்வதையே நிறுத்தி, நீங்கள் ஏற்றியதை நீங்கள் மட்டுமே இறக்கலாம் என்று அறிவித்தது. ஃபைல்சர்வும் அப்படியே செய்தது. பரிசுத் திட்டங்கள் வரிசையாக ரத்தாயின. சில தளங்கள் அமெரிக்காவிலிருந்து யாரும் நுழையாதபடி கதவை அடைத்தன.

பனாமாவில் பதிவான ஹாட்ஃபைல் மீது ஹாலிவுட் நிறுவனங்கள் 2011-லேயே வழக்குத் தொடுத்திருந்தன. 2013-இல் தீர்ப்பு ஹாட்ஃபைலுக்கு எதிராகப் போனது. அந்த ஆண்டு டிசம்பரில் 8 கோடி டாலர் சமரசத்தை அறிவித்துவிட்டு ஹாட்ஃபைல் மூடப்பட்டது.

ரேபிட்ஷேரின் முடிவு வேறு விதம். அது திருந்தி நடக்க முயன்றது. எனக்கு அதன் கதைதான் அதிகம் மனதில் நிற்கிறது. 2012 பிப்ரவரியில் இலவசமாக இறக்குபவர்களின் வேகத்தை நொடிக்கு 30 கிலோபைட்டாக வெட்டியது. திருட்டுப் பிரதியைத் தேடி வருபவர்கள் தாமாக விலகிவிடுவார்கள் என்பது கணக்கு. ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2013-இல் ஒரு கடமையை விதித்தது: அறிவிப்பு வந்த படைப்புகளுக்கு, வெளியில் உள்ள லிங்க் பட்டியல்களையும் ரேபிட்ஷேரே தேடிப் பார்த்து அகற்ற வேண்டும். 'பட்டியல் என்னிடம் இல்லை' என்ற பழைய கவசம் அன்றோடு போயிற்று. சட்டத்துக்கு இணங்கி நடந்தபோது வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். தனிநபர் சேமிப்புச் சேவையாக மாறிப் பார்த்தது. ஆள்குறைப்பு செய்தது. 2015 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. யாரும் கதவை உடைத்து வந்து மூடவில்லை. திருட்டை எடுத்துவிட்டால் அந்தத் தொழிலில் எவ்வளவு மிஞ்சும் என்பதற்கு அதன் கடைசி மூன்று ஆண்டுகளே கணக்கு.

காத்திருப்பு மறைந்தபோது

வழக்குகள் மட்டுமே இவற்றைக் கொன்றன என்று சொன்னால் பாதிக் கதைதான். நாப்ஸ்டர் போன இடத்தில் வேறொன்று முளைத்ததுபோல இங்கேயும் முளைத்திருக்க வேண்டுமே? முளைத்தன, ஆனால் பழைய உயரத்துக்கு எதுவும் வளரவில்லை. காரணம், விற்பதற்கு வைத்திருந்த பொருள் தீர்ந்துபோனது.

2007-இல் நெட்ஃபிளிக்ஸ் இணையம் வழியே நேரடியாகப் படம் காட்டத் தொடங்கியது. 2008-இல் ஸ்பாட்டிஃபை ஐரோப்பாவில் வந்தது. தட்டினால் உடனே ஓடும். துண்டு இல்லை, கடிகாரம் இல்லை, ஏழாவது லிங்க் செத்துக்கிடக்கும் பயமும் இல்லை. கிடங்குகள் எதிலிருந்து விடுதலை தருவதாகச் சொல்லிச் சந்தா வாங்கினவோ, அந்தத் தொல்லையே இங்கே இல்லை. ஆனால் இது எல்லா நாட்டுக்கும் ஒரே நாளில் கிடைக்கவில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில்தான் ஒரே வீச்சில் 130 நாடுகளுக்கு மேல் விரிந்தது. அதுவரை, ஒரு நாட்டில் வெளியான தொடரை இன்னொரு நாட்டில் முறையாகப் பார்க்க வழியே இல்லாத காலம் நீண்டது. காசு கொடுக்கத் தயாராக இருந்தவருக்கும் வாங்கக் கடை இல்லை. அந்த வெற்றிடத்தைத்தான் கிடங்குகள் நிரப்பின. பொழுதுபோக்கு நிறுவனங்கள் வழக்குக்குக் காட்டிய வேகத்தைக் கடை திறப்பதற்கும் காட்டியிருக்கலாம் என்பது என் வருத்தம்.

மறுபக்கம், உண்மையாகவே சேமிக்க விரும்பியவர்களை வேறு சேவைகள் அழைத்துக்கொண்டன. டிராப்பாக்ஸ் 2008-இல், கூகுள் டிரைவ் 2012 ஏப்ரலில். அங்கே கோப்பு முதலில் உங்களுடையது, பகிர்வது இரண்டாவது. 90 நாள் யாரும் தொடவில்லை என்று அழிப்பதில்லை. கிடங்குகளில் வரிசை தலைகீழாக இருந்தது.

டாட்காம் 2013 ஜனவரியில், சோதனை நடந்து சரியாக ஓராண்டில், மெகா என்ற புதிய தளத்தைத் தொடங்கினார். கோப்பு உங்கள் பிரவுசரிலேயே பூட்டப்பட்டு ஏறும், சாவி உங்களிடம். உள்ளே என்ன இருக்கிறது என்று நிறுவனத்தால் பார்க்கவே முடியாது. 'தெரியாது' என்று முன்பு வாயால் சொன்னதைக் கணிதத்தால் சொன்ன ஏற்பாடு. மெகா இன்றும் இயங்குகிறது, ஆனால் டாட்காமுக்கு அதில் இப்போது பங்கில்லை.

எஞ்சியவை மெல்ல உதிர்ந்தன. வீடியோ கிடங்கான ஓபன்லோட் 2019-இல் ஹாலிவுட் நிறுவனங்களும் ஸ்ட்ரீமிங் நிறுவனங்களும் சேர்ந்த கூட்டமைப்பின் கைக்குப் போய் நின்றது. 2006 முதல் கடிகாரமோ சந்தாவோ இல்லாமல் விளம்பரத்தை மட்டும் நம்பி ஓடிய ஜிப்பிஷேர், மின்கட்டண உயர்வையும் விளம்பரத் தடுப்பான்களையும் காரணம் காட்டி 2023 மார்ச்சில் விடைபெற்றது. மீடியாஃபயர் போன்ற சில இன்னும் இருக்கின்றன.

மெகாஅப்லோட் வழக்கு மட்டும் முடியவில்லை. கைதானவர்களில் ஒருவர் 2022-இல் இறந்தார். இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2023-இல் நியூசிலாந்தில் தண்டனை பெற்றார்கள். டாட்காமை அமெரிக்காவிடம் ஒப்படைக்கும் உத்தரவில் நியூசிலாந்து அமைச்சர் 2024 ஆகஸ்டில் கையெழுத்திட்டார்.

நடுவில் சிக்கியவர்கள்

மெகாஅப்லோட் முடங்கிய அன்று அதில் திருட்டுப் படங்கள் மட்டும் இருக்கவில்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பள்ளி விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுத்துப் பிழைத்த ஒருவர், தன் வீடியோக்களை அங்கே ஏற்றி வைத்திருந்தார். அவரிடம் இருந்த வன்வட்டும் பழுதாகியிருந்தது. தான் எடுத்தது, தனக்கே உரிமையானது, சந்தாவும் கட்டியிருந்தார். இணைய உரிமை அமைப்பான இ.எப்.எப். துணையோடு நீதிமன்றம் போனார். அவருடைய கோப்புகள் இருக்கும் சர்வர்கள் அமெரிக்காவிலேயே இருந்தன.

அந்தச் சர்வர்களை வாடகைக்கு விட்டிருந்த கார்பேத்தியா என்ற நிறுவனத்தின் நிலை இன்னும் விசித்திரம். 1,103 சர்வர்கள், 25 பெட்டாபைட் (இரண்டரைக் கோடி ஜிகாபைட்) தரவு. வாடகை தருபவரின் பணம் முடக்கப்பட்டுவிட்டது. அழிக்கலாமா என்றால் வழக்குக்குச் சாட்சியாக வேண்டும் என்றது ஒரு தரப்பு. பயனர்களிடம் திருப்பிக் கொடுக்கலாமா என்றால் உள்ளே திருட்டுப் பிரதிகளும் இருக்கின்றன என்றது இன்னொரு தரப்பு. வைத்திருக்க நாளொன்றுக்கு 9,000 டாலர் செலவாகிறது என்று அந்த நிறுவனம் நீதிமன்றத்தில் முறையிட்டது. நெதர்லாந்தில் மெகாஅப்லோட் வாடகைக்கு எடுத்திருந்த 630 சர்வர்களை லீஸ்வெப் நிறுவனம் 2013-இல் துடைத்தே விட்டது. அவற்றில் யாருடைய குடும்பப் படங்கள், யாருடைய ஆய்வுக் குறிப்புகள் இருந்தன என்று கணக்கெடுக்க யாரும் இல்லை.

எனக்கு இன்னொரு இழப்பும் உண்டு, அதைத் திருட்டு என்ற ஒற்றைச் சொல்லில் அடைக்க மனம் வரவில்லை. கடையில் விற்காத, எந்த நிறுவனமும் மறுபதிப்புச் செய்யாத பழைய இசைத்தட்டுகளை யாரோ பொறுமையாகக் கணினிக்கு மாற்றி, அட்டைப்படத்தையும் படமெடுத்துச் சேர்த்து ஏற்றியிருப்பார்கள். சட்டப்படி அதற்கும் உரிமையாளர் உண்டு. ஆனால் இன்றைய ஸ்ட்ரீமிங் சேவைகளிலும் அவற்றில் பல இல்லை. அந்தக் கோப்புகள் போனபோது அவற்றைக் கேட்கும் வழியும் போனது.

பழைய இணையப் பக்கங்களில் அந்த லிங்க்குகள் இன்றும் கிடக்கின்றன. மெகாஅப்லோட் லிங்க் என்றால் முகவரியின் கடைசியில் எழுத்தும் எண்ணும் கலந்த எட்டுக் குறிகள் மட்டும் இருக்கும்; எதற்கான வாசல் அது என்று யாராலும் சொல்ல முடியாது. ரேபிட்ஷேர் தன் முகவரியிலேயே கோப்பின் பெயரையும் சேர்த்துக்கொண்டிருந்தது. அதனால் கலைஞரின் பெயர், தொகுப்பின் பெயர், ஆண்டு, கடைசியில் பார்ட்3.ரார் என்பது வரை இன்னும் வாசிக்க முடிகிறது. அப்படி ஒரு பட்டியலிலிருந்து பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.